பாலைவனத்தில் ஒரு வெந்நீர் ஸ்நானம்

"பணத்தைக் கொடுத்து யாராவது வெயிலை விலைக்கு வாங்குவார்களா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். "பாலைவனத்துக்குப் போகவேண்டுமாம், அங்கே கால் நோக நடக்கவேண்டுமாம், நடந்துவிட்டு வந்து வெந்நீரில் குளிக்கவேண்டுமாம்! இதற்கு விமான டிக்கெட் எதற்கு? சித்திரை மாதத்தில் சமையலறைக்குள் வந்தால் மூன்றும் இலவசமாகக் கிடைக்குமே!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டாலும் ஆச்சரியமில்லை.

குரலில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், இதே மூன்று காரியங்களுக்காக ஒவ்வொரு குளிர்காலத்திலும் லட்சக்கணக்கான ஜனங்கள் ஓர் ஊரைத் தேடிப் போகிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பாம் ஸ்பிரிங்ஸ்தான் அந்த ஊர். லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து கிழக்கே 100 மைலுக்குச் சற்று அதிகம். காரில் சுமார் இரண்டு மணி நேரப் பிரயாணம். பிள்ளையையோ பெண்ணையோ பார்க்கக் கலிபோர்னியா போகும் தாய்மார்கள் இன்று நம்மிடையே அநேகர். பேரனுக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டால், ஐந்து நாளைக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு எழும் அல்லவா? அந்த ஐந்து நாளைத் திட்டமிடுவதற்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

மலையின் முதுகுப் பக்கம்

பாம் ஸ்பிரிங்ஸ் ஏன் பாலைவனமாயிற்று என்பதற்கு விடை, ஊருக்கு நேர் மேற்கே நிற்கிறது. ஸான் ஜசின்டோ என்ற மலை; உயரம் 10,834 அடி. பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் மேகங்களையெல்லாம் இந்த மலை மேற்குப் பக்கத்திலேயே மறித்து வைத்துக் கொள்கிறது. முதுகுப் பக்கம் இருக்கும் ஊருக்குக் கிடைப்பது ஆண்டு முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 5 அங்குல மழை. சென்னைக்குப் பெய்வது சுமார் 55 அங்குலம் என்பதை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

ஆனால் மலை முழுக் கஞ்சன் அல்ல. தன் உச்சியில் விழும் பனியையும் மழையையும் பாறை இடுக்குகள் வழியாக ஆழத்துக்கு அனுப்புகிறது. பூமியின் ஆழத்தில் சூடேறிய ஜலம், பிளவுகள் வழியே மறுபடி மேலே வருகிறது. பாம் ஸ்பிரிங்ஸின் நடு ஊரில் இப்படி ஊறும் ஊற்றின் உஷ்ணம் ஏறக்குறைய 40 டிகிரி. நாம் பதமாக விளாவி வைக்கும் எண்ணெய்க் குளியல் வெந்நீரின் சூடு என்று வைத்துக் கொள்ளலாம். இன்று அங்கே ஊறுவது 12,000 ஆண்டுப் பழமையான நீர் என்கிறார்கள்.

எப்போது போவது?

திட்டத்தில் முதல் கேள்வி இதுதான். இதில் பிசகினால் மற்றதெல்லாம் பிசகிவிடும்.

நவம்பர் முதல் மார்ச் வரையில் போகலாம். டிசம்பரில் பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும்; இரவில் சால்வை வேண்டியிருக்கும். ஜூலையில் சராசரிப் பகல் வெப்பமே 42 டிகிரி. 2024-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி 51 டிகிரி ஏறி, அந்த ஊரின் பழைய கணக்கையெல்லாம் முறியடித்தது. "நாம் பார்க்காத வெயிலா?" என்ற தைரியம் இங்கே உதவாது. சென்னையில் வியர்த்துக் கொட்டுகிறது; புடைவை நனைகிறது; உடனே தண்ணீர் குடிக்கிறோம். பாலைவனக் காற்றிலோ, வியர்வை வந்த மறு நிமிஷமே காய்ந்துவிடும். உடம்பிலிருந்து தண்ணீர் போவதே தெரியாது. தலை சுற்றும்போதுதான் தெரியும். கோடையில் அப்படி உயிரிழந்தவர்கள் உண்டு.

ஏப்ரல் மாதத்தில் பக்கத்து ஊரான இண்டியோவில் பெரிய சங்கீத விழா ஒன்று நடக்கிறது. அந்த வார இறுதிகளில் தங்குவதற்கு அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

சதுரங்கப் பலகை

நாள் குறித்தாயிற்று. அடுத்தது, எங்கே குளிப்பது, யாரிடம் அனுமதிச் சீட்டு வாங்குவது? இங்கேதான் இந்த ஊரின் கதை ஆரம்பமாகிறது.

ஊற்றுக்குச் சொந்தக்காரர்கள் கவீயா என்ற பழங்குடியினர். அவர்களில் இந்த ஊரைச் சேர்ந்த கூட்டத்துக்கு அகுவா காலியென்ட்டே என்று பெயர். ஸ்பானிய மொழியில் அதற்கு வெந்நீர் என்றுதான் அர்த்தம். அவர்களுடைய சொந்த பாஷையில் ஊற்றின் பெயர் செஹி. அதாவது, கொதிக்கும் நீர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவர்கள் அங்கே குளித்தும், வைத்தியம் செய்துகொண்டும், வழிபட்டும் வந்திருக்கிறார்கள்.

1870-களில் ரயில் பாதை வந்தது. பாதைக்கு இரு புறமும் நிலத்தைச் சதுர மைல் சதுர மைலாகக் கட்டம் போட்டார்கள். ஒற்றைப் படை எண் விழுந்த கட்டமெல்லாம் ரயில்வே கம்பெனிக்கு. 1876-இல் ஜனாதிபதி கிராண்ட் போட்ட உத்தரவாலும் அதன்பின் வந்த உத்தரவுகளாலும் இரட்டைப் படைக் கட்டங்களில் பல பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டன. ஆகவே ஊரின் வரைபடம் இன்றும் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கிறது. வெந்நீர் ஊற்று விழுந்தது 14-ஆம் நம்பர் கட்டத்தில். இரட்டைப் படை எண்!

ஊர் வளர்ந்தது. 1909-இல் நெல்லி காஃப்மன் என்ற பெண்மணி, சுவாசக் கோளாறு உள்ளவர்கள் வந்து தங்குவதற்காக ஒரு விடுதி ஆரம்பித்தார். அதுவே பிறகு நாடறிந்த ஹோட்டலாயிற்று. பின்னால் ஹாலிவுட் நட்சத்திரங்கள் வந்தார்கள். பாடகர் ஃபிராங்க் சினாட்ரா 1947-இல் வீடு கட்டி, பியானோ வடிவத்தில் நீச்சல் குளம் வெட்டினார். ஆனால் ஊரின் நட்ட நடுவில், வெந்நீர் ஊற்றின் சொந்தக்காரர்களோ ஏழைகளாகவே இருந்தார்கள்.

காரணம், சட்டம். நிலம் அவர்களுடையதுதான், சாவி மட்டும் வாஷிங்டன் சர்க்காரின் கையில். ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட முடியாது என்று விதி. ஐந்தே ஆண்டுக் குத்தகையை நம்பி எவன் ஹோட்டல் கட்டுவான்?

ஐந்து பெண்கள்

1954-ஆம் ஆண்டில் இந்தப் பழங்குடியினர் தங்கள் சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். சபையில் ஐந்து ஸ்தானம், ஐந்திலும் பெண்கள்! தலைவி, வயோலா ஆலிங்கர். அமெரிக்கப் பழங்குடிகளின் வரலாற்றில் முழுக்க முழுக்கப் பெண்களே அமர்ந்த முதல் சபை என்று அதைச் சொல்கிறார்கள்.

அது பழங்குடி நிலங்களின் தனி ஏற்பாட்டையே கலைத்துவிட வேண்டும் என்று வாஷிங்டன் எண்ணியிருந்த காலம். நிலத்தை விற்றுக் காசாக்கிப் பங்கு போட்டுக் கொள்வது சுலபமான வழி. அந்தப் பெண்கள் சுலபமான வழியை ஏற்கவில்லை. வீட்டுப் பெண்களுக்கே உரிய கணக்கை அவர்கள் போட்டார்கள். நகையை விற்றால் கைக்கு வருவது ஒரு நாள் பணம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் பேரன் பேத்தி வரையில் வரும். வாஷிங்டனுக்குப் போய் அதிகாரிகளிடமும் காங்கிரஸ் சபையினரிடமும் வாதாடினார்கள்.

1955-இல் 25 ஆண்டுக் குத்தகைக்கு வழி பிறந்தது. 1959-இல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டம், 99 ஆண்டுக் குத்தகைக்கு அனுமதி கொடுத்தது. ஊற்றைச் சுற்றி ஸ்நான விடுதி எழுந்தது. 1963-இல் ஹோட்டல் எழுந்தது. ஊற்று மட்டும் கை மாறவில்லை. அந்த ஹோட்டலை 2014-இல் இடித்துவிட்டு, பழங்குடியினரே புதிதாகக் கட்டிய ஸ்நான விடுதி 2023-இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் பக்கத்திலேயே அவர்களுடைய மியூசியமும் திறக்கப்பட்டது.

விளக்கின் அடியில்

கதையை இத்துடன் நிறுத்தினால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் விளக்கின் அடியில் இருட்டும் உண்டு.

99 ஆண்டுக் குத்தகை என்றதும் 14-ஆம் கட்டத்தின் மதிப்பு ஒரேயடியாக ஏறிற்று. அந்தக் கட்டத்தில் அதுவரை சிறு வாடகைக்குக் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள் யார்? ஊரின் ஹோட்டல்களில் துணி துவைத்தவர்கள், சமைத்தவர்கள், வீடுகளைக் கட்டியவர்கள்; பெரும்பாலும் கறுப்பு இனத்தவரும் மெக்ஸிகோ வழியினரும். 1960-களில் நகராட்சி அந்த வீடுகளை இடித்தது, எரித்தது. வேலைக்குப் போய்த் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் சாம்பலைக் கண்டதாக அன்று அங்கே வாழ்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1968-இல் மாநில அரசின் அறிக்கையே நகராட்சியைக் கடுமையாகக் கண்டித்தது. 2021-இல் நகராட்சி மன்னிப்புக் கேட்டது. 2024-இல் 59 லட்சம் டாலர் நஷ்ட ஈடு தர ஒப்புக்கொண்டது. சாம்பலான வீட்டில் விளையாடிய குழந்தைகள் அதற்குள் பாட்டிகளும் தாத்தாக்களுமாகிவிட்டார்கள்.

பழங்குடியினருக்கும் வேறொரு தொல்லை வந்தது. அவர்களுடைய சொத்தைப் பராமரிக்க என்று கோர்ட்டு நியமித்த காப்பாளர்களில் பலர், பராமரிப்புக் கட்டணம் என்ற பெயரில் சொத்தையே கரைத்தார்கள். ரிவர்சைடு நகரத்துப் பத்திரிகை ஒன்று இதைத் துருவி வெளியிட்டது; அந்தச் சேவைக்காக 1968-இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. நம் தொழில்காரர்கள் செய்த நல்ல காரியம் என்பதால் சற்றுப் பெருமையோடு இதைச் சொல்லிக் கொள்கிறோம்.

முதல் இரண்டு நாள்

சரி, இனிமேல் நடைக்குப் புறப்படுவோம்.

முதல் நாள் ஓய்வு. நீண்ட பிரயாணம் செய்த உடம்பை உடனே மலை ஏற்றக்கூடாது. இரண்டாம் நாள் காலை, ஊருக்குத் தெற்கே உள்ள இந்தியன் கேனியன்ஸ் என்ற மலைப் பள்ளத்தாக்குகளுக்குப் போகலாம். இவையும் பழங்குடியினருக்கே சொந்தம். நுழைவுக் கட்டணம் அவர்களைச் சேர்கிறது.

பாம் கேனியன் 15 மைல் நீளம். விசிறி போன்ற இலைகளை உடைய பனை இனம் அங்கே ஆயிரக் கணக்கில் நிற்கிறது. காய்ந்த மட்டைகள் உதிராமல் மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்குகின்றன. அந்த மட்டையால் கவீயா மக்கள் கூரை வேய்ந்தார்கள், பழத்தைத் தின்றார்கள், நாரை முறுக்கினார்கள். பனையை நன்கு அறிந்த நமக்கு இது அந்நியமாகவே தோன்றாது.

அதிகம் நடக்க முடியாதவர்களுக்கு ஆண்ட்ரியாஸ் கேனியன். ஒரு மைல் சுற்றிவந்தால் போதும். கூடவே ஓடை ஓடிவரும். அங்கே பாறையில் குழி குழியாக இருக்கும் இடத்தைத் தவற விடாதீர்கள். பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தானியமும் விதையும் இடித்து இடித்து விழுந்த குழிகள் அவை. நம் வீட்டு உரலைக் கல்தச்சன் குடைந்து கொடுத்தான். இந்த உரலைக் குடைந்தவை பெண்களின் கைகள்தான்.

இன்னும் கொஞ்சம் தெம்பு உள்ளவர்கள் டாக்விட்ஸ் கேனியனில் 2 மைல் நடந்தால் 60 அடி அருவியைப் பார்க்கலாம். மழைக்காலத்துக்குப் பிறகு போனால்தான் தண்ணீர் நன்றாக விழும்.

மூன்றாம் நாள்: பத்தே நிமிஷத்தில் பனி

மூன்றாம் நாள் காலுக்கு விடுமுறை. கம்பியில் தொங்கிச் செல்லும் வண்டி ஒன்று 1963 முதல் ஓடுகிறது. 2,643 அடி உயரத்தில் ஏறி உட்கார்ந்தால், பத்தே நிமிஷத்தில் 8,516 அடி உயரத்தில் இறக்கிவிடும். வண்டி போகும்போதே மெள்ளச் சுழல்வதால், ஜன்னல் ஓரத்துக்காகக் குழந்தைகள் சண்டை போட வேண்டியதில்லை.

கீழே இருந்ததைவிட மேலே 15, 20 டிகிரி குறைவு. ஜனவரியில் கீழே வெயில், மேலே பனி! ஸ்வெட்டரையும் மூடிய பாதரட்சையையும் கையோடு எடுத்துப் போங்கள். உயரத்தில் மூச்சு வாங்கும்; ஆகவே நடை மெதுவாக இருக்கட்டும்.

நான்காம் நாள்: சீப்பு எதற்கு?

சுமார் ஒரு மணி நேரம் காரில் போனால் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. ஏறக்குறைய எட்டு லட்சம் ஏக்கர். மொட்டைப் பாறைகளும், கைகளை ஆகாயத்தை நோக்கி நீட்டியது போன்ற விசித்திர மரங்களும் கண்ணுக்கு எட்டிய மட்டும் நிற்கும். அந்த மரத்தில் மகரந்தச் சேர்க்கை செய்வது ஒரு சிறு அந்துப் பூச்சி மாத்திரமே. பூச்சி இல்லாவிட்டால் மரத்துக்கு வித்தில்லை. மரம் இல்லாவிட்டால் பூச்சிக்கு வாழ்வில்லை.

இந்த இடம் தப்பியதற்கும் ஒரு பெண்மணியே காரணம். மினர்வா ஹாய்ட் என்ற அம்மாள் குழந்தையையும் கணவரையும் இழந்து, துயரத்தில் பாலைவனத்தின் அமைதியை நாடியவர். சீமான்கள் தங்கள் தோட்டத்துக்கென்று கள்ளிகளையும் மரங்களையும் வேரோடு பெயர்த்து லாரி லாரியாகக் கொண்டு போவதை அவர் கண்டார். பாலைவனச் செடிகளை நியூயார்க்கிலும் லண்டனிலும் கண்காட்சியாக வைத்து, 'இதுவும் அழகுதான், பாருங்கள்' என்று உலகத்துக்குக் காட்டினார். 1936-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அந்தப் பிரதேசத்தைப் பாதுகாக்க உத்தரவிட்டார். 1994-இல் அது தேசியப் பூங்காவாயிற்று.

இங்கே போகும்போது சில ஜாக்கிரதைகள்:

பூங்காவின் உட்பகுதியில் தண்ணீர் கிடைக்காது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் காரிலேயே இருக்கவேண்டும். கொண்டுபோன தண்ணீரில் பாதி தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும். பாதை பாதி ஆயிற்றா என்று பார்க்கக்கூடாது.

கைப்பேசி அநேக இடங்களில் வேலை செய்யாது. காகித வரைபடம் வாங்கிக் கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை வைக்காதீர்கள். பாறை இடுக்கில் பாம்பு இருக்கலாம்.

புடைவை கட்டித்தான் பழக்கம் என்பவர்களும் இந்த ஒரு நாளைக்குச் சல்வாருக்கோ முழுக் கால்சட்டைக்கோ மாறுவது நல்லது. அங்கே சோயா என்று ஒரு கள்ளி இருக்கிறது. பக்கத்தில் போனாலே துள்ளி வந்து ஒட்டிக்கொள்வது போலிருக்கும். கையால் பிடுங்கினால் கையில் குத்தும். ஆகவே ஒரு சீப்பு எடுத்துப் போங்கள்; கள்ளித் துண்டுக்கு அடியில் சீப்பை நுழைத்துச் சட்டென்று தட்டிவிட வேண்டும். தலை வாருவதற்கும் ஆயிற்று!

திரும்பும் வழியில் டெஸர்ட் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர். பூமியில் உள்ள ஒரு பெரும் பிளவு அங்கே நிலத்தடி நீருக்கு அணை போட்ட மாதிரி குறுக்கே நிற்கிறது. ஒரு பக்கம் தோண்டினால் வெந்நீர். மறுபக்கம் தோண்டினால் தண்ணீர். 1910-களில் காபட் எர்க்ஸா என்பவர் கிணறு வெட்டி இரண்டையும் கண்டார். பழைய பலகைகளையும் ஆணிகளையும் பொறுக்கி அவர் கட்டிய 35 அறை வீடு இன்று மியூசியமாக இருக்கிறது. 'வீட்டில் ஒரு சாமானைத் தூக்கிப் போட விடமாட்டார்' என்று கணவரைப் பற்றிக் குறைப்படும் மனைவிமார்கள் அவசியம் பார்க்கவேண்டிய வீடு!

நடுவே குழந்தைகளுக்குப் பசிக்குமே? இந்தப் பள்ளத்தாக்கில் பேரீச்சந் தோப்புகள் ஏராளம். சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் அரபு நாடுகளிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கன்றுகள் கொண்டுவந்து வைத்தார்கள். பேரீச்சம் பழத்தையும் ஐஸ்கிரீமையும் சேர்த்து அரைத்த பானம் இங்கே பிரசித்தம். வீட்டுக்கு ஒரு பெட்டி பழமும் வாங்கி வரலாம்.

ஐந்தாம் நாள்: ஸ்நானம்

வெந்நீர்க் குளியலைக் கடைசி நாளுக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. நான்கு நாள் நடந்த காலுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அறையை முன்கூட்டியே பதிவு செய்வது போல், குளியலுக்கும் நேரம் பதிவு செய்துகொள்ளுங்கள். வார நாளில் கூட்டம் குறைவு. பொதுக் குளங்களில் இறங்க நீச்சல் உடை தேவை. அதில் சங்கோசம் உள்ளவர்கள் கையும் காலும் மூடிய நீச்சல் உடையை இங்கிருந்தே வாங்கிப் போகலாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்கக்கூடாது. ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். ஏறியதும் தண்ணீர் குடிக்கவேண்டும். கர்ப்பிணிகளும், இருதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக்கூடாது.

இன்னும் ஒரே ஒரு ஆலோசனை. குளியலுக்கு முன் பக்கத்துக் கட்டடத்தில் உள்ள மியூசியத்துக்குப் போய்விட்டு வாருங்கள். கவீயாப் பெண்கள் புல்லாலும் நாணலாலும் பின்னிய கூடைகளைப் பாருங்கள். அவர்களுடைய கதையை அவர்கள் வாயாலேயே கேளுங்கள். சாம்பலான வீடுகளையும் நினைத்துக் கொள்ளுங்கள்.

அதன் பிறகு வெந்நீரில் இறங்கினால், யாரோ முகம் தெரியாத கம்பெனியின் குளத்தில் இறங்குவதாகத் தோன்றாது. பெண்கள் ஐந்து பேர் விற்க மறுத்து, பேரன் பேத்திகளுக்கென்று காப்பாற்றி வைத்த ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருப்பதாகத் தோன்றும். விருந்தாளிக்கு உரிய மரியாதையோடு நடந்து கொள்ளுங்கள். சுகமாகக் குளித்துவிட்டு வாருங்கள்!